மொண்டெல்லோவில் எமது குடும்பங்களின் மருத்துவச் செலவு: காப்பு எதுவரை?

ஊரில் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் துண்டு எடுத்து வரிசையில் நிற்பதுதான் வேலை, பணம் கட்டுவதில்லை. இத்தாலியிலும் வைத்தியம் வரிப்பணத்தில் நடக்கும் பொதுச் சேவையே. 1978 இன் 833 ஆம் இலக்கச் சட்டம் பழைய தொழில்வாரிக் காப்பு நிதிகளுக்குப் பதிலாக இதனைக் கொண்டுவந்தது. 1998 இன் குடிவரவுச் சட்டம் (34 ஆம் பிரிவு) சட்டப்படி வேலை செய்வோரையும் அகதி அந்தஸ்துப் பெற்றோரையும் இத்தாலியருக்குச் சமமாக இதில் சேர்க்கிறது.

அப்படியிருந்தும் மொண்டெல்லோ வீடுகளில் வேலை செய்யும் எம்மவரின் கையிலிருந்து பணம் போகும் இடங்கள் சில உண்டு.

ரிக்கற்: குடும்ப வைத்தியரும் ஆஸ்பத்திரி அனுமதியும் இலவசம். விசேட வைத்தியருக்கும் பரிசோதனைகளுக்கும் ரிக்கற் கட்டவேண்டும். குடும்ப வருமானம் 36,151.98 யூரோவைத் தாண்டாவிட்டால் 6 வயதுக்கு உட்பட்டோருக்கும் 65 கடந்தோருக்கும் விலக்கு உண்டு. இங்கே குடும்பம் என்பது வரிக்கணக்கில் உள்ள குடும்பமே. ஒரே வீட்டில் இருக்கும் எல்லோரும் அல்ல. நீரிழிவுக்காரருக்கு அந்நோய்க்குரிய பரிசோதனைகள் 013 என்ற இலக்கத்தில் இலவசம். விண்ணப்பிக்காதவருக்கு விலக்குக் கிடையாது.

காத்திருப்பு: நாள் பிந்துகிறது என்று தனியாரிடம் ஓடுவதே பெரிய செலவு. வைத்தியரின் சீட்டில் 'பி' என்றிருந்தால் 10 நாட்களுக்குள்ளும், 'டி' என்றிருந்தால் வைத்தியரைப் பார்க்க 30, பரிசோதனைக்கு 60 நாட்களுக்குள்ளும் இடம் தரவேண்டும். தராவிட்டால், ஆஸ்பத்திரி வைத்தியரின் தனிப்பட்ட சேவையை ரிக்கற் கட்டணத்துடன் மட்டும் பெற 1998 இன் 124 ஆம் இலக்க ஆணை இடமளிக்கிறது. எழுத்தில் கேளுங்கள்.

பெற்றோர்: 2008 நவம்பர் 5 இற்குப் பின் குடும்ப இணைவில் வந்த, 65 வயது கடந்த பெற்றோருக்கு இலவசப் பதிவு இல்லை. தனியார் காப்புறுதி எடுக்கவேண்டும், அல்லது பணம் கட்டிப் பதியவேண்டும். 2024 முதல் அந்தப் பதிவுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2,000 யூரோ. அம்மாவை அழைக்க விண்ணப்பிக்கும் முன்பே இத்தொகையைக் கணக்கில் சேருங்கள்.

பல்: வளர்ந்தவர்களின் பல் வைத்தியத்தில் பெரும்பகுதி எமது சொந்தச் செலவே.

செலவழித்ததில் ஒரு பங்கு திரும்பிவரும். 730 படிவத்தில் 129.11 யூரோவுக்கு மேற்பட்ட மருத்துவச் செலவின் 19 வீதம் வரியில் கழியும். 800 யூரோ செலவானால் 127.47 யூரோ. வருமானவரி கட்டவேண்டியவருக்கே இது பயன்படும். தனியார் வைத்தியருக்குக் காசாகக் கொடுத்தால் இக்கழிவு இல்லை. அட்டையிலோ வங்கியிலோ கட்டுங்கள். மருந்துக்குக் காசு கொடுக்கலாம், ஆனால் வரிக்குறியீட்டு எண் பதிந்த பற்றுச்சீட்டு வேண்டும்.

வீட்டுவேலை செய்வோருக்கு இன்னொன்று: முதலாளி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டும் பணத்துடன் 'காசா கோல்ஃப்' நிதிக்கும் மணிக்குச் சில சதங்கள் சேர்கின்றனவா என்று பாருங்கள். சேர்ந்தால் ரிக்கற் பணத்தையும் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களுக்கான கொடுப்பனவையும் அங்கு கோரலாம்.