பால்வாடி முற்றமும் பிள்ளைகளின் கால்களும்



"பையனுக்கு மூணு வயசாச்சு, எந்த எல்.கே.ஜி.ல சேர்க்கலாம் சார்?" என்று உங்களில் யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறீர்கள். பதிலுக்கு முன் கொஞ்சம் வரலாறு. வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1920இல் குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேக்கா பால மந்திர் தொடங்கினார். 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். கைகால் அசைந்தால்தான் குழந்தையின் அறிவு வளரும் என்றார்கள் அவர்கள்.

ஆனால் நம் கிராமத்துப் பால்வாடி வந்தது பசியைப் போக்க. 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுக்க 33 இடங்களில் தொடங்கியது. 1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. மாதாமாதம் குழந்தையை எடை போட்டு அட்டையில் குறித்தார்கள். 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 2 வயதுப் பிள்ளைக்கும் சோறு போட்டது.

எடையை எழுதினார்கள், சாப்பாட்டை எழுதினார்கள். பிள்ளை எவ்வளவு ஓடினான் என்று யாரும் எழுதவில்லை. தேவையும் இருக்கவில்லை. நம் பனமரத்துப்பட்டிப் பக்கம் தெருவும் களமும் வேப்பமர நிழலும் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்தன. கண்ணாமூச்சி, கல்லா மண்ணா, சட்டையைப் பிடித்துக்கொண்டு ரயில் வண்டி. அப்படி ஆடி வந்த பிள்ளைகளுக்குத்தான் நான் 1ஆம் வகுப்பில் பலப்பம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன்.

இப்போது களம் வீடாகிவிட்டது, தெருவில் வண்டி. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கின. நல்ல காரியம். அதே ஆண்டு ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது: 3, 4 வயதுக் குழந்தைக்குத் தினமும் 180 நிமிட உடல் அசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். டிவி, செல்போன் 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

தானாக நடந்த ஒன்றை இனி நாம் திட்டமிட்டுத்தான் தரவேண்டும். அங்கன்வாடி டீச்சரைக் குறை சொல்லாதீர்கள். பாடம், எடை, பதிவேடு எல்லாம் அவர் தலையில். முற்றத்து முள்ளை வெட்டி, கல்லைப் பொறுக்கி, ஒரு மரம் வைத்துத் தருவது ஊராரால் முடியும்.

ஆகவே கண்ணுகளா, பள்ளியில் சேர்க்கப் போகும்போது "எத்தனை எழுத்து சொல்லித் தருவீங்க?" என்று கேட்பதற்கு முன், "எவ்வளவு நேரம் வெளியே விளையாட விடுவீங்க?" என்று கேளுங்கள். மணல் ஒட்டிய காலோடு பிள்ளை வீடு திரும்பினால் திட்டாதீர்கள்.

நீங்கள் பால்வாடியில் ஆடிய விளையாட்டைக் கீழே எழுதுங்கள். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்