கடதாசி விண்மீனும் கண்ணாடிக் குண்டும்

விழாக்களின் வரலாற்றை எழுதுவோர் சடங்குகளையும் நம்பிக்கைகளையும் விரிவாக ஆராய்வர். விழாப் பொருள்களைச் செய்த கைகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நத்தார் மரத்தை அலங்கரிக்கும் சிறு பொருள்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இளஞ்சிறார் தம் கையால் அலங்காரங்களைச் செய்து மரத்தில் தொங்கவிடுவது இன்று மகிழ்ச்சிக்குரிய பொழுதுபோக்காகவும் பாலர் கல்வியின் ஒரு பகுதியாகவும் கருதப்படுகின்றது. ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஜேர்மனியின் துரிங்கியா என்னும் ஒரே மலைக்காட்டுப் பிரதேசத்தில், இத்தகைய கைவேலை ஓரிடத்தில் கல்வியாகவும் பிறிதோரிடத்தில் கூலி உழைப்பாகவும் அமைந்தது. அவ்விரு வரலாறுகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பயனுடையது.

நத்தார் மர அலங்காரம் தொடக்கத்தில் வீட்டளவிலேயே நின்றது. ஸ்திராஸ்பூர்க் நகர வழக்கத்தைக் கூறும் 1605ஆம் ஆண்டுக் குறிப்பொன்று, மக்கள் ஊசியிலை மரங்களை அறைகளில் நிறுத்தி, பல நிறக் கடதாசியில் வெட்டிய ரோசா மலர்கள், அப்பிள்கள், மெல்லிய அப்பங்கள், பொற்றகடு, இனிப்புகள் ஆகியவற்றைத் தொங்கவிட்டதாகக் கூறுகின்றது. வெட்டவும் ஒட்டவும் உண்ணவும் கூடிய இப்பொருள்களைச் செய்வதில் தேர்ந்த கைவினைஞன் தேவைப்படவில்லை.

வீட்டுக் கடதாசி வேலைக்குக் கல்வித் தத்துவம் ஒன்றை வழங்கியவர் பிரெட்றிக் புரோபல். 1782இல் துரிங்கியாவின் ஓபர்வைஸ்பாக் என்னும் ஊரிற் பிறந்த இவர், 1837இல் பிளாங்கன்பூர்க்கில் சிறுவர்க்கான நிறுவனமொன்றைத் தொடங்கி, 1840இல் அதற்குச் ‘சிறுவர் தோட்டம்’ எனப் பொருள்படும் ‘கிண்டர்கார்ட்டன்’ என்ற பெயரை இட்டார். கடதாசி மடித்தல், வெட்டுதல், பின்னுதல் என்பன அவர் வகுத்த பயிற்சிகளுட் சில. ஒரே சதுரக் கடதாசியிலிருந்து அழகு வடிவங்களையும் வாழ்க்கைப் பொருள்களின் வடிவங்களையும் கணித அறிவுக்குரிய வடிவங்களையும் குழந்தை தானே கண்டடைய வேண்டும் என்பது அவர் கருத்து. நான்கு கடதாசிக் கீலங்களாற் பின்னப்படும் நத்தார் விண்மீனுக்கு அவர் பெயர் வாய்த்தமை, இக்கைவினை பாலர் கல்வியோடு எவ்வளவு பிணைந்தது என்பதைக் காட்டும். இரு நிறக் கடதாசிகளைப் பின்னிச் செய்யும் டென்மார்க்கு நாட்டின் இதய வடிவப் பையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலர் பாடசாலைகளின் வழியாகவே பரவலாயிற்று.

அதே துரிங்கியாவில் உள்ள லவுஷா என்னும் ஊரில் 1597 முதல் கண்ணாடித் தொழில் நடைபெற்றது. அங்கு கண்ணாடி நத்தார்க் குண்டுகளுக்கான கட்டளை 1848ஆம் ஆண்டுப் பதிவேடொன்றில் இடம்பெற்றுள்ளது. 1867இல் எரிவாயு நிலையம் அமைந்ததும் சுடரின் வெப்பத்தைச் சீராக்கி மெல்லிய, பெரிய குண்டுகளை ஊத முடிந்தது. உட்புறம் பூசப்பட்ட ஈயத்துக்குப் பதிலாக வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் வந்தது. 1880களில் வூல்வேர்த் என்னும் அமெரிக்க வணிகர் இவற்றைத் தம் கடைகளில் விற்கத் தொடங்கியதும் கேள்வி பெருகிற்று.

பெருகிய கேள்வியை ஈடுசெய்தது தொழிற்சாலையன்று, வீடு. தந்தை சுடரின் முன் அமர்ந்து குண்டை ஊதுவார். தாய் வெள்ளிக் கரைசலை ஊற்றிக் குலுக்குவார். பிள்ளைகள் நிறந்தீட்டுதல், மூடி பொருத்துதல், பெட்டியில் அடுக்குதல் ஆகியவற்றைச் செய்வர். பெண்கள் முதுகுக் கூடைகளிற் சரக்கைச் சுமந்து சொன்னபேர்க் நகர வணிகரிடம் சேர்த்தனர். லவுஷாவுக்குப் புகையிரதப் பாதை 1886இலேயே வந்தது. கூலி எண்ணிக்கையின்படி கிடைத்தமையால், பிள்ளையின் கையும் குடும்ப வருமானத்தின் ஓர் உறுப்பாயிற்று.

அரசுகள் இவ்விரண்டையும் நடத்திய முறை மனங்கொள்ளத்தக்கது. நாத்திகத்தையும் சமவுடைமையையும் வளர்க்கின்றது என்ற குற்றச்சாட்டின் பேரில் பிரஷ்ய அரசு 1851இல் கிண்டர்கார்ட்டனைத் தடைசெய்தது. 1852இல் இறந்த புரோபல், 1860இல் அத்தடை நீங்கியதைக் காணவில்லை. மறுபுறம், பதின்மூன்று வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலைகளில் அமர்த்துவதை ஜேர்மன் பேரரசு 1891இல் தடுத்தபோதும் வீட்டுத்தொழில் அவ்விதிக்கு வெளியே நின்றது. 1903ஆம் ஆண்டுச் சட்டமே முதன்முறையாக வீட்டு உழைப்பிலும் தலையிட்டது; அச்சட்டமும் சொந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை தளர்வான விதிகளையே கொண்டிருந்தது. பிள்ளை விளையாடிக் கற்பதை ஐயுற்ற காலம், பிள்ளை வீட்டில் உழைப்பதைக் குடும்ப ஒழுக்கம் என ஏற்றுக்கொண்டது எனலாம்.

1939இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம் மின்குமிழ் செய்யும் இயந்திரத்தைக் கொண்டே நத்தார்க் குண்டுகளைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கியது. இயந்திரப் பொருள் மலிந்த சூழலிற் கையால் செய்த அலங்காரம் சந்தை மதிப்பை விட உணர்வு மதிப்பையே பெரிதும் பெற்றது. எனினும், விழாப் பொருள்களைச் செய்யும் சிறுவர் கைகள் உலகிலிருந்து மறைந்துவிட்டன என்று கொள்வதற்கில்லை.

புரோபலின் மேசையிலும் லவுஷாவின் மேசையிலும் குழந்தையின் விரல்களே நுண்வேலை செய்தன. வேறுபாடு வேலையில் இல்லை. பிழைக்குக் கிடைத்த இடத்தில் இருந்தது. கோணலாக மடிந்த கடதாசி, குழந்தை மறுமுறை மடித்துக் கற்பதற்கு வாய்ப்பளித்தது. உடைந்த கண்ணாடிக் குண்டோ அன்றைய கூலியிற் குறைந்தது. சிறுவரின் கைவேலை எதுவாயினும், அது கல்வியா உழைப்பா என்பதைத் தீர்மானிக்க இவ்வளவுகோல் இன்றும் பொருந்தும்.