வீட்டை வித்தது யாரு? - ரீலொகேஷன் கம்பெனிகளின் கதை

மாற்றல் உத்தரவு வந்தால் நம்ம ஊர் பேங்க் உத்தியோகஸ்தர் என்ன செய்வார்? வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து அட்வான்ஸைத் திருப்பி வாங்குவார், லாரி பிடிப்பார், பிள்ளைகளுக்கு டி.சி. வாங்குவார். சொந்த வீடெல்லாம் ரிட்டயர்மெண்ட் நெருக்கத்தில்தான். விற்க ஒன்றும் இல்லாததால் விற்கிற தலைவலியும் இல்லை.

அமெரிக்காவில் கதையே வேறு. இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய பசங்களுக்கு 1944ல் வந்த சட்டத்தின் புண்ணியத்தில் அரசாங்க உத்தரவாதத்தோட வீட்டுக்கடன் கிடைத்தது. முப்பது வயசுக்குள்ளேயே பலர் வீட்டுச் சொந்தக்காரர்கள். இதே பசங்களை வேலைக்கு எடுத்த பெரிய கம்பெனிகளுக்கோ, மேனேஜர் என்றால் நாலு ஊர் பார்த்திருக்கணும். வில்லியம் வைட் 1956ல் எழுதின 'தி ஆர்கனைசேஷன் மேன்' புத்தகத்தில் சிகாகோவுக்குத் தெற்கே இருக்கிற பார்க் ஃபாரஸ்ட் என்கிற ஊரை விலாவாரியாகச் சொல்லியிருப்பார். பாதிப் பேர் பெட்டியைப் பிரித்துக்கொண்டும் மீதிப் பேர் கட்டிக்கொண்டும் இருக்கிற ஊர். ஐ.பி.எம். என்றால் 'ஐ ஹேவ் பீன் மூவ்ட்' என்று அந்தக் கம்பெனி ஆட்களே ஜோக் அடித்துக்கொள்வார்களாம். 1940களின் கடைசியில் வருஷத்துக்கு அஞ்சில் ஒரு அமெரிக்கர் வீடு மாறிக்கொண்டிருந்தார். (2020களில் அது பத்தில் ஒருவருக்கும் கீழே போய்விட்டது!)

ஆக, ஒரு பக்கம் சொந்த வீடு, இன்னொரு பக்கம் மாற்றல். இந்த ரெண்டும் முட்டிக்கொண்ட இடத்தில் பிறந்ததுதான் ரீலொகேஷன் கம்பெனி. இதில் ஒன்றிடமிருந்து நானும் வீடு வாங்கியதால்தான் இந்த வரலாற்றையே நோண்ட ஆரம்பித்தேன்.

முதலில் சில கம்பெனிகள் ஊழியரோட வீட்டைத் தாங்களே வாங்கி விற்றுப் பார்த்தன. சோப்பு விற்கிறவனுக்கு இருபது மாநிலத்தில் புல் வெட்ட ஆள் பிடிக்கிற வேலை எதுக்கு? இந்தத் தலைவலியை வெளியே கொடுக்க ஆரம்பித்தார்கள். 1964ல் இதற்கென்று தனிச் சங்கமே உருவாகி, பிற்பாடு எம்ப்ளாயீ ரீலொகேஷன் கவுன்சில் என்று பெயர் பெற்றது. பால்டிமோரில் 1946ல் கம்பெனிகளுக்குக் கார் நிர்வாகம் பண்ண ஆரம்பித்த பி.ஹெச்.ஹெச்., 1970களில் ஹோம்ஈக்விட்டி என்கிற கம்பெனியை வாங்கி வீட்டுப் பக்கமும் வந்தது. காரை நிர்வாகம் பண்றவனுக்கு வீடும் அப்படித்தான் போல :-) பங்குச்சந்தை ஜாம்பவான் மெரில் லிஞ்ச் கூட ஒரு ரீலொகேஷன் பிரிவு வைத்திருந்து, 1989ல் ப்ருடென்ஷியலிடம் விற்றது. ப்ருடென்ஷியல் அதை 2011ல் ப்ரூக்ஃபீல்டிடம் தள்ளிவிட்டது. மாற்றலை நடத்துகிற கம்பெனிகளே இப்படிக் கைமாறிக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை.

சரி, மேட்டருக்கு வருவோம். இது எப்படி வேலை செய்யுது?

ராமசாமிக்கு டல்லாஸிலிருந்து ஒஹையோவுக்கு மாற்றல் என்று வையுங்கள். ரீலொகேஷன் கம்பெனி பொதுவாக ரெண்டு மதிப்பீட்டாளரை அனுப்பும். ரெண்டு பேர் சொன்ன விலைக்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தால் மூணாவது ஆள். சராசரி எடுத்து, 'இந்தா, இந்த விலைக்கு நாங்க எடுத்துக்கறோம், இத்தனை நாளுக்குள்ள சொல்லு' என்று கையில் கொடுத்துவிடும். சரி என்றால் ராமசாமி கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஒஹையோ போய்விடலாம். வீடு விற்க ஆறு மாசம் ஆனால் அது அவர் கவலை இல்லை.

இதில் கம்பெனிக்கு என்ன லாபம் என்று கேட்கத் தோணும். அங்கேதான் வருமான வரி நுழையுது. ராமசாமி தானே வீட்டை விற்று, தரகர் கமிஷனை முதலாளி அவருக்காகக் கட்டினால், அது அவருக்குச் சம்பளம் மாதிரி. வரி உண்டு. அந்த வரியையும் முதலாளியே ஏற்றுக்கொண்டால், அதுவும் சம்பளம், அதுக்கும் வரி! அதுவே ராமசாமி முதலில் ரீலொகேஷன் கம்பெனிக்கு விற்று, அவர்கள் வேறொருத்தருக்கு விற்றால், ரெண்டாவது விற்பனையோட கமிஷனுக்கும் ராமசாமிக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே வீடு, ரெண்டு விற்பனை. இந்த ரெண்டு விற்பனை நிஜமா நாடகமா என்பதில்தான் வரித்துறைக்கும் கம்பெனிகளுக்கும் வருஷக்கணக்கில் இழுபறி. ஆம்டால் என்கிற கம்ப்யூட்டர் கம்பெனி இந்தச் செலவுக் கணக்குக்காகவே வழக்காடி 1997ல் வரி நீதிமன்றத்தில் ஜெயித்தது. கடைசியில் 2005ல் வரித்துறை ஒரு தீர்மானம் வெளியிட்டது: ஊழியர் நிபந்தனை இல்லாமல் வீட்டைக் கைகழுவியிருந்தால் ரெண்டு விற்பனை, வெளி ஆள் வாங்கினால்தான் இதுவும் செல்லும் என்று முடிச்சுப் போட்டிருந்தால் ஒரே விற்பனை, கமிஷனும் சம்பளக் கணக்கில்தான் என்று.

இவ்வளவும் பண்ணிவிட்டு ஒரு சின்ன கில்லாடித்தனம் செய்வார்கள் பாருங்க. பத்திரத்தில் ராமசாமி கையெழுத்துப் போடுவார், ஆனால் வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி! அதைப் பதிவு பண்ணாமல் வைத்திருந்து, நிஜமாக வாங்குகிறவர் வந்ததும் அவர் பெயரை நிரப்புவார்கள். ரெண்டு தடவை பதிவுச் செலவு இல்லை. பதிவேட்டைப் பார்த்தால் ராமசாமி நேரா நமக்கு விற்றமாதிரி இருக்கும். நடுவில் இருந்தவர் பெயர் எங்கேயும் கிடையாது.

நாங்கள் 2010ல் டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் வாங்கியது இப்படி ஒரு வீடுதான். அஞ்சு மாசமாகக் காலி. புல்லை மட்டும் யாரோ ஒழுங்காக வெட்டிக்கொண்டிருந்தார்கள். பேரம் பேசினால் எதிரே மனுஷ முகமே இல்லை. நாம் ஒரு விலை சொன்னால், எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒருவர் யாரிடமோ கேட்டு மூணு நாள் கழித்துப் பதில் அனுப்புவார். கோபமும் இல்லை, சென்டிமென்ட்டும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. காலி வீட்டுக்கு ஆகிற வட்டி, வரி, இன்ஷூரன்ஸ், புல்வெட்டு எல்லாம் பெரும்பாலும் ராமசாமியோட முதலாளி தலையில்தான் விழும் என்பதால் அவர்களுக்கும் தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தது. விலையும் படிந்தது.

அதுக்கப்புறம் வந்தது ஒரு கத்தைக் காகிதம். 'நாங்கள் இந்த வீட்டில் குடியிருந்ததே இல்லை, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்' என்பதுதான் சாரம். பூஞ்சைக்கு ஒரு தாள், ரேடான் வாயுவுக்கு ஒரு தாள், செயற்கை ஸ்டக்கோ பூச்சுக்கு ஒரு தாள், பாலிபியூட்டிலீன் குழாய்க்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளுக்குப் பின்னாலும் 1990களில் எங்கேயோ ஒரு வழக்கு இருக்கு. வட கரோலினாவில் வில்மிங்டன் பக்கம் ஸ்டக்கோவுக்குள் தண்ணி இறங்கி மரம் உளுத்துப்போன கேஸ் பிரசித்தம்.

எங்களுக்கு முக்கியமான தாள் அஸ்திவாரத்தைப் பற்றியது. டல்லாஸ் பக்கம் கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். கோடையில் வீட்டைச் சுற்றிக் குழாய் போட்டு அஸ்திவாரத்துக்குத் தண்ணி விடுவார்கள். (சிரிக்காதீங்க, நிஜமாகத்தான்.) அந்த வீட்டின் ஒரு மூலை முன்பு இறங்கி, கீழே தூண் வைத்து நிமிர்த்தியிருந்தார்கள். அந்த வேலைக்கு ஆயுள் உத்தரவாதம் உண்டு. ஆனால் வீடு கைமாறினால் 30 நாளுக்குள் பழைய உரிமையாளர் கையெழுத்தோடு படிவம் போகணும். இல்லையென்றால் உத்தரவாதம் காலி.

பழைய உரிமையாளர் யாரு? ரீலொகேஷன் கம்பெனியைக் கேட்டால், 'பத்திரத்தில் எங்கள் பெயர் இல்லையே'. நியாயம்தான். பத்திரத்தில் பெயர் இருக்கிறவரோட விலாசத்தைக் கேட்டால், 'அது ரகசியம், தவிர அவர் எங்களுக்கு விற்று ரொம்ப நாளாச்சு'. அதுவும் நியாயம்தான்! ரெண்டு விற்பனை என்று வரித்துறையிடம் சொல்வதும், ஒரே விற்பனை என்று பதிவேட்டில் காட்டுவதும் எங்கள் 30 நாளில் வந்து இடித்துக்கொண்டது. அடுத்த தடவை மூலை இறங்கினால் ஆயிரக்கணக்கில் டாலர் செலவு எங்களுடையது. நான் புலம்பிக்கொண்டிருந்தபோது தங்கமணிதான் வழி கண்டுபிடித்தாள். படிவத்தை ஒரு உறையில் போட்டு, கூடவே தபால்தலை ஒட்டிய பதில் உறையும் வைத்து, பழைய உரிமையாளர் பெயரை எழுதி எங்கள் வீட்டு விலாசத்துக்கே அனுப்பினாள். தபாலாபீஸ் அதை அவரோட புது விலாசத்துக்குத் திருப்பிவிட்டது. 26வது நாள் கையெழுத்தோடு திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: மேற்குப் பக்கம் தண்ணி விட மறக்காதீங்க என்று. அவருடன் ஒரு தடவைகூடப் பேசினதில்லை.

இந்தச் சலுகை யாருக்குக் கிடைத்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிற விஷயம். 2008க்கு அப்புறம் வீட்டு விலை பல ஊர்களில் விழுந்தபோது, மாற்றலில் போனவரோட நஷ்டத்தைச் சில முதலாளிகள் ஏற்றுக்கொண்டார்கள். அதே தெருவில் வேலை போனவருக்கு அந்தக் கதவு கிடையாது. எங்கள் தெருவிலேயே ரெண்டு வகையும் இருந்தார்கள். விலை வீழ்ச்சியில் முதலாளிகள் கையில் வீடுகள் தேங்கியதும் விதிகளும் இறுகின. மதிப்பீட்டை விட இவ்வளவுக்கு மேல் விலை போடக்கூடாது, இத்தனை நாள் நீயே முயற்சி பண்ணு, முதலில் வெளி ஆளைக் கூட்டிவா அப்புறம் வாங்கிக்கறோம் என்று.

மனைவிமார் கதையும் இதில் உண்டு. 1950களில் புருஷனுக்கு மாற்றல் என்றால் குடும்பம் பின்னால் போகும், பேச்சே இல்லை. 1980களில் ரெண்டு பேரும் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் மாற்றலை மறுப்பது அதிகமானது. கூடவரும் துணைக்கு வேலை தேடித்தருவதும் ரீலொகேஷன் கம்பெனியின் பட்டியலில் சேர்ந்தது. எச்-4 விசாவில் பல வருஷம் உட்கார்ந்திருந்த நம்ம பெண்களுக்கு இது வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதியே 2015ல்தான் வந்தது.

மாற்றல் ஜுரம் இறங்கினதுக்கு வட்டியும் ஒரு காரணம். 1981 அக்டோபரில் 30 வருஷக் கடனுக்குச் சராசரி வட்டி 18 சதவீதத்தைத் தாண்டியது. பழைய குறைந்த வட்டிக் கடனை விட்டுவிட்டு எவன் நகருவான்? வட்டி வித்தியாசத்துக்கு ஒரு தொகை தருகிறோம் என்று கம்பெனிகள் கெஞ்ச வேண்டியிருந்தது. அதே கதை மறுபடி வந்தது: 2021 ஜனவரியில் 2.65 சதவீதத்துக்குக் கடன் வாங்கினவரை, 2023 அக்டோபரில் 7.79 சதவீதம் கட்டச் சொல்லி வேற ஊருக்குப் போ என்றால் போவாரா? 1980களின் அந்த வட்டி வித்தியாசத் தொகையை அலமாரியிலிருந்து தூசி தட்டி எடுத்துவிட்டார்கள்.