அட்டைக் கிரீடத்துப் பெரியவர்

தெலுங்குப் புராணப் படம் மறைந்துவிட்டது. நாள் குறிக்க முடியாத சாவு அது. நெடுங்காலம் படுக்கையில் கிடந்து, பார்க்க வருபவர்கள் ஒவ்வொருவராய்க் குறைந்து, மூச்சு நின்றதைக்கூட யாரும் கவனிக்காமல் போன சாவு. பிறப்பு மட்டும் தெரியும். 1932-இல் எச்.எம். ரெட்டியின் 'பக்த பிரகலாதா'வில் அவர் முதன்முதலாக வாய் திறந்து பேசினார். அதற்கு முந்தைய ஆண்டு நம் 'காளிதாஸ்' படத்தை எடுத்தவரும் அதே ரெட்டிதான் என்பதால், பங்காளி முறையில் நமக்கும் தீட்டு உண்டு.

பேச்சு வருமுன்பே அவருக்குப் பாட்டு வந்துவிட்டது. 1885-இல் கடப்பைப் பக்கம் சுரபி கிராமத்தில் தொடங்கிய நாடகக் குடும்பங்களும், திருப்பதி வேங்கட கவிகளின் பாரத நாடகங்களும் வளர்த்த பிள்ளை. தூது போன கண்ணன் சபையில் நின்று ஒரு பத்யத்தை, அதாவது செய்யுளை, இழுத்துப் பாடி முடித்ததும் 'ஒன்ஸ் மோர்' கேட்டுப் பாண்டவர் காரியத்தையே நிறுத்திவைக்கும் கூட்டத்தின் முன் வளர்ந்ததால், கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும், சொல்லும் விதத்தில்தான் மானம் இருக்கிறது என்பதை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார்.

அவர் வாழ்வாங்கு வாழ்ந்தது வடபழனியில். நாகிரெட்டியும் சக்கரபாணியும் நடத்திய விஜயா நிறுவனத்துக்காகக் கே.வி. ரெட்டி தெலுங்கிலும் தமிழிலுமாக எடுத்து 1957-இல் வந்த 'மாயாபஜார்', பாண்டவர் ஐவரும் தலைகாட்டாத ஒரு பாரதக் கதை. உண்மையில் அது ஒரு கல்யாண வீட்டுக் குழப்பம். கடோத்கஜனாக வந்த எஸ்.வி. ரங்காராவ் பந்தியில் உட்கார்ந்து லட்டுகளை விழுங்கியபோது எந்தக் குழந்தையும் அரக்கனுக்கு அஞ்சவில்லை. சசிரேகையின் உருவெடுத்த கடோத்கஜனாகச் சாவித்திரி, பட்டுப் புடவைக்குள் இருந்துகொண்டே தோளை உயர்த்தி, நடையை அகட்டி, உறுமலைத் தொண்டையில் அடக்கிக் காட்டியதற்கு ஈடாக எந்தத் தந்திரக் காட்சியையும் சொல்லத் தோன்றவில்லை. மார்கஸ் பார்ட்லியின் கேமரா காட்டிய நிலவில், தேவர்களும் அசுரர்களும் நம் சித்தப்பா மாமன்களைப் போலவே பிணங்கினார்கள், சமாதானமானார்கள்.

அவர் செய்த தொண்டு திரையோடு நிற்கவில்லை. 'ஸ்ரீ வேங்கடேஸ்வர மகாத்மியம்' 1960-இல் வந்தபின், திருப்பதி மலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தவர்கள் பேருந்து பேருந்தாகச் சென்னைக்கும் வந்து, படத்தில் பெருமாளாக நடித்த என்.டி. ராமராவின் வீட்டு வாசலில் காலையில் காத்து நின்றார்கள். சிரிக்கத் தோன்றலாம்; அவர்கள் யாரும் ஏமாளிகள் அல்லர். தந்தை சி. புல்லையா தொடங்கி, பணமில்லாமல் ஆண்டுக்கணக்கில் நின்று, மகன் சி.எஸ். ராவ் முடித்து 1963-இல் வந்த 'லவகுசா', தெலுங்கின் முதல் முழுநீள வண்ணப் படம். அஞ்சலிதேவியின் சீதைக்காக அழுத பாட்டிகளுக்கு வண்ணம் ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

பெரியவர் தளர்ந்தது 1974-இல். பிப்ரவரியில் பாடகர் கண்டசாலா போனார், அவரோடு பத்யத்தின் குரல் போயிற்று. ஜூலையில் ரங்காராவ் போனார், அவரோடு கதாயுதத்தின் கனம் போயிற்று. அதற்குப் பிறகும் 1977-இல் ராமராவ், கர்ணன், துரியோதனன், கிருஷ்ணன் மூவராகவும் தாமே நடித்து, தாமே இயக்கிய 'தான வீர சூர கர்ணா'வால் அவரை ஒருமுறை எழுப்பி உட்கார வைத்தார். 1982-இல் ராமராவ் கட்சி தொடங்கினார். கண்ணனே தேர்தலுக்குப் போய்விட்டபின் அரிதாரப் பெட்டியை யார் திறப்பது? வடபழனியில் வாகினி ஸ்டுடியோவின் தளங்கள் இருந்த மண்ணில் மருத்துவமனையும் விடுதியும் வணிக வளாகமும் எழுந்தன.

இப்போதும் அம்புகள் பறக்கின்றன, முன்னைவிட வெகு தூரம். எய்தவன் பேசும்போதுதான் அவன் இந்தக் குடும்பத்துப் பிள்ளை இல்லையென்று தெரிந்துவிடுகிறது.

2010-இல் பழைய 'மாயாபஜாரு'க்கு வண்ணம் பூசித் திரையரங்குகளுக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டு இயக்குநர் பாபு, 'லவகுசா' சொன்ன அதே உத்தர ராமாயணத்தை 'ஸ்ரீ ராம ராஜ்யம்' என்று எடுத்தார்; அதுவே அவரது கடைசிப் படம். அதில் வால்மீகியாக வந்த அக்கினேனி நாகேஸ்வர ராவ், 1957-இல் தெலுங்கு அபிமன்யுவாக இருந்தவர். 2014 ஜனவரியில் அவர் காலமானார், ஆகஸ்டில் பாபுவும்.