வைடூரியம் எண்டால் எந்தக் கல்?

மட்டக்களப்பில நகைக்கடைக்குப் போய் வைடூரியம் கேட்டால் பூனைக்கண் கல்லைத்தான் காட்டுவாங்கள். திருப்பத் திருப்ப நடுவில ஒரு ஒளிக்கோடு ஓடும். அது கிரைசோபெரில். ஆனால் பழைய பாளி நூல்களில் வரும் 'வெளுரிய' என்ற சொல் பெரில் என்ற வேறொரு கல்லைக் குறித்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மரகதமும் கடல்நீல ஆகுவாமரினும் பெரிலின் வகைகள்தான். அந்தச் சொல் கிரேக்கத்துக்குப் போய் 'பெரிலோஸ்' ஆனது. ஜெர்மன்காரர் மூக்குக்கண்ணாடிக்குச் சொல்லுற 'பிரில்ல' கூட அதிலிருந்து வந்ததுதான்.

சொல்லோட சேர்ந்து கல்லும் கப்பல் ஏறியது. கி.பி. 79இல் இறந்த ரோம எழுத்தாளர் பிளினி, பெரில் இந்தியாவைத் தவிர வேறெங்கும் அரிது என்று எழுதினார். பளிங்குக்குச் சாயமேற்றி இந்தியர் போலிக் கல் செய்கிறார்கள் என்றும் அவரே குறை சொன்னார். அப்பவே போலி இருந்திருக்கு!

அந்தப் பெரிலுக்குப் பேர்போன இடம் தமிழ்நாட்டில் காங்கேயத்துக்கு அருகே உள்ள படியூர். 1819–20 அளவிலும் அங்கே ஆகுவாமரின் தோண்டினார்கள். படியூருக்குக் கிட்ட, நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் இருக்கு. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர் அது. 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் அங்கே மணி செய்யும் பட்டறை வெளிப்பட்டது.

பட்டறை என்று எப்படித் தெரியும்? அழகான மணிகளை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல ஏலாது. மணி வேறு ஊரிலிருந்தும் வந்திருக்கலாம். பாதியில் விட்ட கற்கள், துளை போடாத மணிகள், கழிவுச் சில்லுகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடந்ததுதான் சாட்சி. யாராவது முன்னமே வடிவான கல்லு எண்டு பொறுக்கிக்கொண்டு போயிருந்தால் இந்த வரலாறு எங்களுக்குக் கிடைத்திராது.

கல் தேடுவதில் ஆசை உள்ள எங்களைப் போன்றவர்கள் யோசிக்க வேண்டியது இதைத்தான். இலங்கையின் பேர்போன இரத்தினக்கல் நிலங்கள் இரத்தினபுரி, எலஹெர பக்கம். வாவியைச் சுற்றியுள்ள பாறைகள் விஜயன் தொகுதி என்ற வேறு இனம். இங்க பெரிலை விட வெறும் பளிங்குதான் கையில் படும். இரண்டுக்கும் ஆறு பக்கம் உண்டு. ஆனால் பளிங்கின் நுனி கூர், பக்கங்களில் குறுக்குக் கோடு. பெரிலின் நுனி பெரும்பாலும் தட்டை, கோடு நெடுக்காக ஓடும்.

இரத்தினக்கல் தோண்டுறதுக்கு தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேணும். அதோட, எங்கட மாவட்டத்தின் வடக்கே கதிரவெளியில் கொடுமணலைப் போலவே பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உண்டு. அப்படியான இடத்தில் ஒரு மணி கண்ணில பட்டால் எடுக்காதீங்க. இருந்த இடத்திலேயே படம் எடுத்து, தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லுங்க.

மற்ற இடங்களில் பொறுக்கிய கல்லோட ஒரு துண்டுக் காகிதம் வையுங்க: எந்த ஊர், எந்த ஆறு, எந்தத் திகதி. பேர் மாறின கல்லுக்குக்கூட ஊர் தெரிந்தால் வரலாறு உண்டு. ஊர் தெரியாட்டி அது வெறும் கல்லுத்தான்.