சவுக்கு விறகும் சென்னையின் அடுப்பும்

பக்கிங்ஹாம் கால்வாயின் சரித்திரத்தைச் சொல்லுவோர், 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே அதன் முதற்பகுதியை வெட்டுவித்த காக்ரேன் துரையையும், தாது வருஷப் பஞ்சத்தில் பசித்த ஜனங்களைக் கூலிக்கு அமர்த்திக் கூவத்தையும் அடையாற்றையும் இணைப்பித்த கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவையும் விஸ்தாரமாகப் பேசுவார்களேயன்றி, அந்த நீர்வழியே வந்த விறகைப் பற்றி அநேகமாக ஒரு வாக்கியமும் எழுதுவதில்லை. பழவேற்காட்டு ஏரியை அடுத்த ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் வெட்டிய விறகை, காற்று வாய்த்தபோது பாய் விரித்தும், வாய்க்காதபோது கழி ஊன்றியும், கரையோடு நடந்து கயிற்றால் இழுத்தும் படகுக்காரர்கள் கொண்டுவந்திராவிட்டால், பட்டணத்தில் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்திராது.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியபின், மனிதரின் அடுப்போடு இயந்திரத்தின் அடுப்பும் விறகு கேட்கலாயிற்று. அதே ஆண்டில் சென்னை ராஜதானியின் வனங்களுக்குப் பொறுப்பேற்ற கிளெக்ஹார்ன் துரை போன்றோர் காடுகள் அழிவதைக் கண்டு கவலையுற்ற அக்காலத்தில்தான், உப்புக் காற்று வீசும் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் பரவின. அந்த மணலில் ஊற்றுத் தோண்டி, மண்குடம் சுமந்து, கன்று கன்றாக நீர் வார்த்த குடியானவர்களின் பிரயாசையை எந்தப் பொறியாளரின் கீர்த்திக்கும் குறைந்ததாக என்னால் எண்ண முடியவில்லை. சவுக்கோ அந்தப் பிரயாசைக்குத் தக்க பிரதிபலன் தந்தது. ஈரம் முற்றும் உலராதபோதும் எரியும், அனல் நின்று எரியும், தோண்டியெடுத்த வேர்க்கட்டையும் விலைபோகும்.

நகரத்து விறகுத் தொட்டிகளில் கட்டைகளைக் காற்று புகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, 25 ராத்தல் கொண்ட சென்னை மணங்கால் நிறுத்து விற்றார்கள். ஐப்பசி மழையில் நனைந்த கட்டையை வாங்கிய ஏழைக் குடும்பம் விறகின் விலைக்குத் தண்ணீரையும் சேர்த்து வாங்கியது பெரும் அநியாயமே.

பின்னர், தோப்பின் ஓரத்தில் ஏற்றிய பாரத்தைத் தொட்டியின் வாசலிலேயே இறக்கும் மோட்டார் லாரிகள் பெருகவே, படகுகள் குறைந்தன, கால்வாயும் தூர்ந்தது. முன்பு விறகு அனுப்பிய ஸ்ரீஹரிகோட்டாவோ 1969-இல் ராக்கெட் தளத்துக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டது; 1971-இல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பிற்று. சமையல் எரிவாயு பரவியபின் தொட்டிகளும் அருகின. இன்று டிராக்டர் டிரெய்லர்கள் தோப்பிலிருந்து சாலைக்கு இழுத்துவரும் சவுக்கு, லாரிகளில் காகித ஆலைகளுக்கும் கட்டடச் சாரங்களுக்கும் போகிறது. வெட்டுவதும் ஏற்றுவதும் மட்டும் இன்னும் பெரும்பாலும் மனிதர் கையாலேயே நடக்கின்றன.