வண்ணத்துப்பூச்சிப் புதரின் வரலாறு

1940ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் 1941ஆம் ஆண்டு மே வரை இலண்டன் மாநகரின்மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. மாளிகைகள் சரிந்தன, தெருக்கள் கற்குவியல்களாயின. போர் ஓய்ந்த பின்னும் பல மனைகள் நெடுங்காலம் பாழாகவே கிடந்தன. அப்பாழிடங்களில், விதைப்பாரும் நீர் வார்ப்பாரும் இன்றி, ஒரு புதர்ச்செடி தழைத்து, கோடையில் ஊதாநிறப் பூங்கொத்துக்களை ஏந்தி நின்றது. அதனை அங்கு நட்டவர் யார்? விடை காண நாம் சீன நாட்டு மலைகளுக்குச் செல்லல் வேண்டும்.

1869ஆம் ஆண்டில் சிச்சுவான் மாகாண மலைகளில் அர்மான் டேவிட் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் செடிகளையும் விலங்குகளையும் ஆராய்ந்து வந்தார். பாண்டாக் கரடியை மேனாட்டு அறிவுலகுக்கு அறிவித்தவரும் இவரே. இவர் கண்ட புதரை 1887இல் பிரான்சே என்னும் தாவரவியலார் விவரித்து, கண்டவர் நினைவாக ‘பட்லெயா டேவிடி’ எனப் பெயரிட்டார். 1889இல் வேறொருவர் இதே செடிக்கு மற்றொரு பெயர் சூட்டினார். ஆயினும் முந்திய பெயரே நிலைபெறும் என்பது தாவரவியலின் விதி.

பெயரின் முற்பகுதிக்கும் ஒரு கதை உண்டு. ஆடம் பட்ல் என்பவர் ஆங்கிலேயத் திருச்சபைக் குரு, பாசியினங்களில் வல்லவர். இங்கிலாந்தின் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் அச்சேறவே இல்லை. 1715இல் அவர் மறைந்தார். 1753இல் லின்னேயசு இச்செடிகளின் பேரினத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார். தாம் ஒருநாளும் காணாத செடியில் அவ்வறிஞர் இன்றும் வாழ்கிறார்.

இதனை இனங்காண்பது எளிது. பத்து அடிக்கு மேலும் வளரும் இப்புதரில் ஈட்டி வடிவ இலைகள் எதிரெதிராக அமையும். அவற்றின் அடிப்புறம் வெண்ணிறப் பஞ்சு படிந்தாற்போல் இருக்கும். கிளை நுனியில் நீண்ட கூம்பு வடிவப் பூங்கொத்து காணப்படும். ஒவ்வொரு சிறு பூவும் நான்கு மடல்களுடன் குழல்போல் அமைந்திருக்கும். அதன் வாய்ப்புறம் செம்மஞ்சள் நிறமாய் விளங்கும். தேன் மணம் கமழும் அக்குழலின் அடியில் உள்ள தேனை வண்ணத்துப்பூச்சி தன் நீண்ட உறிஞ்சு குழலால் பருகும். ஆயினும் பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இதன் இலையை உண்பதில்லை. தேன் கொடுப்பதால் மட்டும் ஒரு செடி அவற்றுக்கு முழு வாழ்வும் அளித்ததாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதன் விதைகள் ஐரோப்பியத் தோட்டங்களை அடைந்தன. வளர்ப்பதோ எளிது. வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். புதிதாகத் துளிர்க்கும் கிளைகளிலேயே பூப்பதால், குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் வேனில் தொடக்கத்தில் பழைய கிளைகளைத் தாழ வெட்டிவிடுவர்.

ஆனால் தோட்டத்தின் வேலி விதையைத் தடுக்குமா? இதன் விதைகள் தூசுபோல் நுண்ணியவை. ஒரு செடியே இலட்சக்கணக்கில் விதைகளை ஈனும். காற்று அவற்றை எங்கும் கொண்டு சென்றது. சீனத்தில் இது ஆற்றோரப் பருக்கைக் கற்களிலும் மலைச்சரிவுகளிலும் வளர்வது. இடிந்த சுவர்களின் சுண்ணமும் கல்லும் கலந்த குவியல், அதற்குத் தாய்நிலம் போலவே தோன்றியிருக்க வேண்டும்! மனிதன் அழித்த இடத்தை அது தன் வீடாக்கிக் கொண்டது.

அழிவை மூடிய அதே ஆற்றல் வேறிடத்தில் தீங்காயிற்று. சுவர் வெடிப்புகளில் வேரூன்றி அது கட்டடங்களைச் சிதைக்கின்றது. நியூசிலாந்தில் ஆற்றுப்படுகைகளிலும் மரத் தோட்டங்களிலும் பரவி, ஏனைய செடிகளை நெருக்கியது. தாய்நாட்டில் அதன் இலையைத் தின்று அடக்கிய பூச்சிகள் அங்கே இல்லை. எனவே பல சோதனைகளுக்குப் பின், 2006இல் சீனத்து இலைவண்டு ஒன்றை அந்நாட்டார் காடுகளில் விட்டனர். அழகுக்காகக் கொணர்ந்த செடியை அடக்க, அதன் பகையையும் கொணர வேண்டியதாயிற்று!

மாணவ நண்பர்களே, செடியில் நன்மையும் தீமையும் இல்லை. அது தன் இயல்பின்படி வாழ்கிறது. அதனை இடம் பெயர்த்தவர் நாம். ஆதலின் பூத்து ஓய்ந்த கொத்துக்களை விதை முற்றுமுன் கொய்துவிடுவது இதனை வளர்ப்போரின் கடமை. ஒரு செடியின் பெயரை அறிதல் கல்வியின் தொடக்கம். அது எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்று எண்ணிப் பார்த்து நடுவதே அக்கல்வியின் பயன்.